கயிற்றின் மறுமுனை

ஒரே இரவில் புழு விழுந்திருந்தது. நேற்றுப் பச்சையாய் நின்ற பயிரில் இன்று மேற்கு மூலை முழுக்க வெறும் தண்டு. வரம்பில் நின்று காது கொடுத்தால் அவை தின்கிற சத்தங்கூடக் கேட்டது. அன்னப்பூரணி வரம்போடு ஓடி மற்ற மூலைகளையும் பார்த்தாள்.

வவுணதீவுப் பக்கம் பூச்சிமருந்து கொண்டுவர இராணுவச் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்தான். அதை வயல் தண்ணீரில் ஊற்றி, வரம்புக்கு வரம்பு கயிறு பிடித்துப் பயிரை உரசி இழுத்தால் புழு தண்ணீரில் விழுந்து சாகும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஊரே வாவிக்கு அக்கரையில் பள்ளிக்கூடத்து அகதி முகாமில் கிடந்தது. பிடிவாதக்காரி இவள் ஒருத்திதான் விடியத் தோணியேறி வந்து, பொழுதுபடத் திரும்புகிறவள். இந்த இரண்டு ஏக்கரும் போனால் பிறகு நிவாரண அரிசிக்குக் கையேந்த வேண்டியதுதான்.

கயிற்றின் ஒரு நுனியைக் கட்டையில் கட்டிப் பார்த்தாள். கட்டை கூடவே நடந்து வருமா என்ன? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

பக்கத்து வயலைப் பார்க்க அன்றைக்கென்று கோணாமலை வந்திருந்தான். இரண்டு வருசத்துக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பில் அவனையும் அவள் புருசன் வல்லிபுரத்தையும் ஒரே லொறியில்தான் ஏற்றினார்கள். எட்டாம் நாள் கோணாமலை மட்டும் திரும்பினான். அன்றிலிருந்து அவள் அவனோடு முகங்கொடுத்துப் பேசியதில்லை. ஊர் அதைக் கோபம் என்றது. உண்மையில், அவன் என்ன சொல்லிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

அவன் வரம்பால் வந்து கட்டையிலிருந்த நுனியை அவிழ்த்துப் பிடித்தான். இழுத்தார்கள். புழுக்கள் பொலபொலவென்று விழுந்தன. அவள் சறுக்கினால் அவன் நின்று கொடுத்தான். மறுபக்கம் ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

மூன்றாந்தரம் முடிய அவன் கயிற்றைத் தளர்த்தினான்.

"தங்கச்சி, அண்டைக்கு அந்த லொறியில வல்லிபுரத்த..."

"அண்ணன்!" என்றாள் அவள். இரண்டு வருசத்தில் அவனிடம் சொன்ன முதல் சொல். "இன்னொருக்கா இழுப்பம்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "புழு முடிஞ்சிதே, புள்ள."

"பரவால்ல. புடிங்க."

அவன் பிடித்தான். கயிறு பயிரை உரசிக்கொண்டு போனது. ஒரு புழுவும் விழவில்லை. துறையில் தோணிக்காரன் கடைசித் தோணிக்குக் கூப்பிட்டான். வரம்பின் கடைசிக்கு வந்ததும், அவள் கயிற்றை விடாமலே மறுபடி இழுக்கத் திரும்பி நின்றாள்.