கழுவிய கல்

படிகக் கல் தோண்டப் போன பிள்ளைகளில், வாயாடி என்று பெயரெடுத்த சின்னவளின் பை மட்டும் காலியாக இருந்தது. மின்னுவதுதான் படிகம் என்று நினைத்து, கிடைத்த சேற்று உருண்டைகளையெல்லாம் தூக்கி எறிந்திருந்தாள். வேன் கிளம்பப் போவதாக ஓட்டுநர் குரல் கொடுத்தார்.

“அடி மக்கு, மண்ணுக்குள்ளேயே மின்னுமாடி? கழுவிப் பாரு,” என்று அக்கா சிரித்தாள்.

வாயாடி அழுகையை அடக்கிக்கொண்டு, எறிந்ததில் ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் தேய்த்தாள். சேறு கரைய, பட்டை பட்டையாக ஒரு படிகம் வெளிவந்தது. அதனூடே அவளுடைய உள்ளங்கை ரேகை தெரிந்தது.

“அக்கா, இத எனக்கு முன்னாடி யாரு பாத்திருக்காங்க?”

அக்காவின் சிரிப்பு நின்றது. “யாருமே இல்லடி. இதுக்குள்ள வெளிச்சம் போறதே இப்பத்தான்.”

வீடு வரும்வரை வாயாடி வாய் திறக்கவில்லை.