மச்சான் கொடுத்த மெஷின்

மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி நான்தான் மச்சானுக்குப் போன் செய்தேன். கீழ்வீட்டுக்காரர் மூன்றாவது முறையாக மேலே வந்து, "தம்பி, எங்க வீட்டு சீலிங்கே பேந்து விழுந்துரும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் மனைவி இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். எங்கள் கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்தது அந்த வாஷிங் மெஷின். முதல் நாளிலிருந்தே ஆடியது. ஸ்பின் சுற்றுக்கு வந்ததும் பேயாட்டம் ஆடி, சுவரைவிட்டு ஒரு முழம் நகர்ந்து வந்துவிடும். அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பல் கிடுகிடுக்க அப்படியே பேசுவாள். "இது துணியத் துவைக்குதா, என்னைத் துவைக்குதா?"

"உங்கண்ணன் பார்த்து வாங்கின லட்சணம்" என்பேன். "கழிச்சுப்போட்ட பீஸை அவர் தலையில கட்டிட்டான் கடைக்காரன்."

ஒருநாள் அவளே இதை அண்ணனிடம் போனில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் வார்த்தைகளைத்தான் சொன்னாள், ஒன்றுகூட மாற்றாமல். "அப்போ தூக்கித் தெருவுல போடு" என்று அவர் போனை வைத்தார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. எட்டு மாதம். பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவள் வாயில் குழாய் இருந்தது.

நான் போன் செய்த வாரம், ஞாயிறு காலை மச்சான் வந்தார். வண்டி கொண்டுவரவில்லை. தோளில் வேலைப் பை மட்டும்.

"எடுத்துட்டுப் போறது இருக்கட்டும் மாப்ள. மொதல்ல ஓட்டிக் காட்டுங்க. நான் அவளுக்குக் குடுத்தது ஓட்டைப் பொருளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு இனிமே என்ன ஆகப்போகுது மச்சான்?"

"நான் தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு. அது ஆகும்."

இரண்டு போர்வையையும் என் சட்டைகளையும் நனைத்துப் போட்டு, ஸ்பின்னை மட்டும் வைத்தேன். மெஷின் தரையைக் குத்திக்கொண்டு கிளம்பியது. மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, வேலை தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"போதும், நிறுத்துங்க. அடுத்து வீட்டையே தூக்கிட்டு நடக்கும்."

குனிந்து கால்களைத் தடவினார். ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை இருந்தது.

"யாரு வச்சது?"

"அவதான்."

அட்டையை உருவினார். எறியவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேலைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மெஷின்மேல் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கால்களைத் திருகினார். நட்டுகளை இறுக்கினார். மறுபடி ஓட்டினோம். ஆட்டம் குறையவில்லை. துணியைப் பிரித்துப் பரப்பிப் போட்டு ஓட்டினோம். அதே ஆட்டம்.

துணியை வெளியே எடுத்துவிட்டு, டிரம்மின் மேல்விளிம்பைக் கையால் தள்ளிப் பார்த்தார்.

"உள்ள ஸ்பிரிங்ல தொங்குறதுதானே இது? தள்ளினா அசையணும்ல? பாறை மாதிரி நிக்குது."

இருவரும் சேர்ந்து மெஷினைத் திருப்பினோம். முதுகில் நான்கு போல்ட்டுகள். பக்கத்தில் தூசி படிந்த ஒரு ஸ்டிக்கர். மச்சான் கட்டைவிரலால் துடைத்தார். போல்ட் படம், அதன்மேல் பெருக்கல் குறி. கீழே ஒரு வரி: ஓட்டுவதற்கு முன் கழற்றவும்.

"லாரியில வரும்போது டிரம் அடிபடாம இருக்க முறுக்கி வச்சிருக்கான். வீட்டுக்கு வந்ததும் கழட்டணும். இதைக் கழட்டாமலேவா இவ்வளவு நாள் ஓட்டுனீங்க?"

ஸ்பானரை எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டும் நடுவிரல் நீளம். நான்காவது வெளியே வந்ததும் டிரம் உள்ளே லேசாக இறங்கி அசைந்தது. மச்சானின் முகம் விரிந்தது. அவள் போன பிறகு அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"நல்ல பொருள்தான் மாப்ள. நல்ல பொருளைத்தான் குடுத்திருக்கேன்."

தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு முகம் மாறியது. "மாட்ட வந்தவன் எவன்? ஆள் அனுப்பி மாட்டித் தர்றேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணான் அந்தக் கடைக்காரன். அவனால எட்டு மாசம் என் தங்கச்சி குரலை நான் கேக்கல." போனை எடுத்து எண்ணைத் தேடி அழுத்தினார்.

மணி அடிப்பது எனக்கும் கேட்டது. சும்மா இருந்திருக்கலாம்.

"மச்சான், வச்சுருங்க. கடையிலருந்து யாரும் வரல. அவங்க கேட்டாங்க. நான்தான் வேண்டாம், நானே இன்ஜினியர்னு சொன்னேன். நான்தான் மாட்டினேன்."

போனிலிருந்து "அலோ, அலோ" என்று ஒரு குரல் வந்தது. அவர் அதை அணைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் போய் அவளுடைய ஊசி நூல் டப்பாவைத் திறந்தேன். நான்கு பிளாஸ்டிக் மூடிகள். மெஷினோடு பையில் வந்தவை. "இது எதுக்குங்க?" என்று அன்று கேட்டாள். "எக்ஸ்ட்ரா" என்றேன். அவள் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை. போல்ட் இருந்த ஓட்டைகளில் வைத்து அழுத்தினேன். நான்கும் சரியாக உட்கார்ந்தன.

துணியைப் போட்டு மறுபடி ஓட்டினோம். மச்சான் ஒரு டம்ளர் தண்ணீரை மெஷின்மேல் வைத்தார். மெஷின் முழு வேகத்தில் சுற்றியது. தண்ணீர் சிலிர்த்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பத்து நிமிடம் இருவரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

மெஷின் நின்றதும் பையைத் தோளில் மாட்டினார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க மச்சான்."

"போறேன்" என்றார். தங்கையிடம் கோபித்துக்கொண்டு கிளம்பிய நாட்களில்கூட "வர்றேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். மாப்ள என்றும் சொல்லவில்லை.

துணியைப் பால்கனியில் காயப்போட்டேன். கீழே கீழ்வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, சத்தமே காணோம்? மெஷினைக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. சரி பண்ணியாச்சு."

"ரொம்ப வேலை வாங்கிருச்சோ?"

"நாலு போல்ட். பத்து நிமிஷம்."

"அடடா" என்றார். "இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே தம்பி."