ஐந்தாவது வரி: கேட்டவர் என்ன செய்தார்

1

அன்று காலை என் கணவர் பேனாவை உதறிக்கொண்டே கேட்டார். "நேத்து உன் மேனேஜர் அதைச் சொன்னாரே, நீ என்ன பண்ணின?"

"டீ ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

குடித்தார். செருப்பை மாட்டினார். பதினோரு மணி வாக்கில் நீதிமன்ற வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

இந்தக் கதை அந்தக் காலையில் பிறந்தது என்று சொன்னால் எடுப்பாகத்தான் இருக்கும். உண்மை வேறு. என் கணவர் தொகுத்துவைத்த பழமொழி அகராதிக்குப் பதிப்பாளர் என்னிடம் முன்னுரை கேட்டார். இரண்டு பக்கம், கொஞ்சம் நெகிழ்ச்சியாக. உட்கார்ந்தேன். வந்தது இது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பழமொழிகளைப் பற்றிய இந்தக் கதையில் ஒரு பழமொழிகூட வராது. வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். என் காரணம் போகப் போகப் புரியும். புரியாவிட்டாலும் மாற்றுவதாக இல்லை.

2

முதல் தொடக்கம்: "என் கணவர் பழமொழிகளைக் காதலித்தார்." அடித்துவிட்டேன். அவர் அவற்றைச் சந்தேகப்பட்டார். கூடையில் அழகாக அடுக்கிய பழத்தைத் திருப்பி, அடியில் அமுங்கியிருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

இரண்டாம் தொடக்கம்: "மொழிகள் பல என்றாலும் மனித ஞானம் ஒன்றே என்பதை இந்நூல்—" இது பின்னட்டைக்காகப் பதிப்பாளர் எழுதியது. எப்படி என் தாளுக்குள் நுழைந்தது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்கள் கதவைத் தட்டுவதில்லை.

மூன்றாம் தொடக்கம், இதுவே நிற்கட்டும்: அவர் தொழிலாளர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஐந்து மொழி சரளம். இன்னும் ஆறில் ஒப்பேற்றுவார்.

ஒருநாள் வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி வழக்கோடு வந்தாள். அவளுடைய சான்றிதழ்களை முதலாளியம்மா பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு தர மறுக்கிறாள். விசாரணையில் முதலாளியம்மா கோபப்படவே இல்லை. அவளைப் பார்த்து, தன் மொழியில், மெதுவாக ஒன்றைச் சொன்னாள். [சோறு போட்டவரை மறப்பது பற்றியது.]

என் கணவர் கெட்டிக்காரர். வார்த்தைக்கு வார்த்தை சொல்லாமல், அந்தப் பெண்ணின் மொழியில் அதற்கு நேரான பழமொழியை ஒரே மூச்சில் எடுத்துக் கொடுத்தார். அவள் தலை குனிந்துவிட்டது. "வேண்டாம்" என்றாள். வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டாள்.

அவர் அன்று சாப்பிடவில்லை.

"நான் அதை அப்படியே மொட்டையா மொழிபெயர்த்திருந்தா, 'என்ன உளர்றாங்க இவங்க'ன்னு கேட்டிருப்பா. கேட்டுட்டு அவ பாட்டுக்குத் தொடர்ந்து பேசியிருப்பா. நான் அவளோட அப்பா குரலைக் கொண்டுவந்து அவ காதுல வெச்சிட்டேன்."

நன்றாகச் செய்த வேலையே தப்பாகிப்போவது மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் வாய்க்கும் தண்டனை.

3

மறுநாள் முதல் சீட்டுகள்.*

சீட்டுக்கு ஐந்து வரி. எந்த மொழி. பழமொழி. நேர்ப்பொருள். யார் யாரிடம் எப்போது சொன்னது. ஐந்தாவது: கேட்டவர் என்ன செய்தார்.

முதல் நான்கும் எந்த அகராதியிலும் ஏறக்குறையக் கிடைக்கும். ஐந்தாவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவார், அல்லது கேட்டவரிடமே விசாரிப்பார். பஸ்ஸில், சலூனில், கல்யாணப் பந்தியில், முன்பின் தெரியாதவரிடம் போய், "அவர் அப்படிச் சொன்னாரே, நீங்க என்ன பண்ணீங்க?" மானம் போகும் எனக்கு.

பொறுமையைப் பற்றி மட்டும் பதினொரு மொழியில் சேர்த்தார். ஒன்றில் தண்ணீர் வருகிறது, ஒன்றில் குதிரை, ஒன்றில் கதவு. உருவம்தான் வேறு. நாலாவது வரி எல்லாவற்றிலும் ஒன்று: உட்கார்ந்திருப்பவர் நிற்பவரிடம் சொன்னது. அதே பதினொரு மொழியிலும் 'சீக்கிரம் செய்' என்று அதற்கு நேரெதிராகவும் ஒன்று உண்டு. அதையும் உட்கார்ந்திருப்பவரே சொல்கிறார், வேறொரு வேளையில். "ஞானம்லாம் ரெண்டு பக்கமும் இருக்கு. எதை எப்ப எடுக்கணும்னு தீர்மானிக்கிற உரிமைதான் ஒரு பக்கமா இருக்கு" என்பார்.

ஐந்தாவது வரியில் அதிகம் வரும் சொல்: "பேசவில்லை."

(* நீதிமன்றத்தில் வீணாகும் வழக்குப் பட்டியல்களை நாலாக வெட்டியது. ஒரு பக்கம் யாரோ இருவரின் சண்டை, மறுபக்கம் பழமொழி. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.)

(என் மேனேஜர் விஷயம்: நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நின்றபடியே எட்டு மணி நேரம். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டேன். அவர் [தண்ணீர் வரும் அந்தப் பழமொழி] சொன்னார். நான் சிரித்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் டீ ஆறுவதைச் சொன்னேன். பிறகு சீட்டில் நானே எழுதிவைத்தேன்: "சிரித்தார்.")

4

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைத்தேன். முடியவில்லை.

இறப்புக்கென்று ஒரு கட்டு வைத்திருந்தார். ஏழு மொழி. போனவர் போனார், இருப்பவர் பிழைக்க வேண்டும் என்ற பொருளில் ஏழு சீட்டு. ஏழிலும் ஐந்தாவது வரி காலி. துக்க வீட்டில் போய் 'நீங்க என்ன பண்ணீங்க' என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

அவர் போன அன்று அந்த ஏழில் நான்கு எங்கள் கூடத்துக்கே வந்தன. பக்கத்து வீட்டம்மா ஒன்று, நீதிமன்ற எழுத்தர் ஒன்று, என் மேனேஜர் ஒன்று. நாலாவதை யார் சொன்னார் என்று நினைவில்லை, தோளில் ஒரு கை மட்டும் நினைவிருக்கிறது. எல்லாரும் நல்லவர்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தேன். நாலாவதற்கு வாயைத் திறந்து, "அப்படி இல்லை" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த நாலு சீட்டிலும் ஐந்தாவது வரியை நிரப்பினேன். மூன்றில் "பேசவில்லை". ஒன்றில் "'அப்படி இல்லை' என்றார்."

5

பதிப்பாளரைப் பற்றி. முதல் வரைவில் அவருக்கு மோதிரம் போட்டு, பல்லிடுக்கில் குச்சி கொடுத்திருந்தேன். அபாண்டம். சாதுவான மனிதர். படி ஏறினால் மூச்சு வாங்கும். என் கணவரின் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கியவர். கதைக்கு வில்லன் வேண்டும் என்பதற்காக அவரைக் கெடுக்க மாட்டேன். இது கதையைப் பலவீனமாக்கும் என்றால், ஆகட்டும்.

போன வாரம் ஒப்பந்தத்தோடு வந்தார். கூடவே என் கொழுந்தனார்.

"பழமொழிக்கு நாலு வரிதான் மேடம். அஞ்சாவதை எடுத்துடறோம். பரிசுப் புத்தகமா வருது. கல்யாணத்துக்குக் குடுப்பாங்க, ஆண்டுவிழாவுல குடுப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ பேசல, அழுதா, வேலையை விட்டுட்டான்னு இருந்தா, யார் மேடம் வாங்குவா?"

"அண்ணி, அண்ணன் பேரு அட்டையில வரும்ல. அதை நெனச்சுப் பாருங்க."

"அட்டையில வரும் தம்பி. உள்ள வராதே."

"ஒரு வரிதானே அண்ணி."

"உங்கண்ணன் எழுதினதே அந்த ஒரு வரிதான். மத்த நாலும் ஊர்க்காரங்க சொன்னது."

கொழுந்தனார் உதட்டைப் பிதுக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. அண்ணனுக்கு யாரு பொண்ணு பார்த்தாங்களோ."

"நீங்கதான் பார்த்தீங்க."

பதிப்பாளர் சிரித்துவிட்டார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தி, அன்பாக, தன் தாய்மொழியில் ஒன்றைச் சொன்னார். [வளைந்து கொடுப்பது பற்றியது. ஒன்பது மொழியில் இருக்கிறது.]

நான் பேனாவை எடுத்தேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டையும் எடுத்தேன்.

"என்ன மேடம் எழுதறீங்க?"

"நீங்க இப்பச் சொன்னதைத்தான். இது உங்க மொழியில எங்ககிட்ட இல்லை. நேர்ப்பொருள் சரியான்னு பாருங்க."

குனிந்து பார்த்தார். "சரிதான்."

"நாலாவது வரி: பதிப்பாளர், ஆசிரியரின் மனைவியிடம், ஒப்பந்தத்தின்போது. சரியா?"

"மேடம், நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்."

"எல்லாரும் சும்மா பேச்சுக்குத்தான் சொல்றாங்க."

ஐந்தாவது வரியில் எழுதினேன்: "கையெழுத்துப் போடவில்லை." மை காயட்டும் என்று ஊதிவிட்டு, பேனாவை மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

6

முடிவுகள்.

அ) பதிப்பாளர் மனம் மாறி ஐந்து வரியோடும் அச்சிடுகிறார். புத்தகம் நன்றாக விற்கிறது. (எனக்கே நம்பிக்கை இல்லை.)

ஆ) கொழுந்தனார் என்னை மீறி, சீட்டுகளை நகலெடுத்து, நாலு வரியோடு— இல்லை. அவர் முணுமுணுப்பாரே தவிரச் செய்யமாட்டார். அவரையும் கெடுக்க மாட்டேன்.

இ) யாரும் அச்சிடவில்லை. நான் போனபின் யாரோ எடைக்குப் போடுகிறார்கள். இதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் அதை முடிவு என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன்.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தால் கதை வட்டமாக மூடிக்கொள்ளும் என்று தெரியும். வட்டமாக மூடிக்கொள்ளும் வாக்கியங்களோடுதான் எனக்குத் தகராறு. முன்னுரையாக இது தேறாது என்பதும் தெரியும். இதையேதான் அனுப்பப்போகிறேன்.

முடிவு உங்களிடம். இன்றோ நாளையோ யாராவது உங்கள் தோளில் கைவைத்து, இரண்டாயிரம் வருஷத்துப் பேச்சு ஒன்றை அன்பாகச் சொல்வார்கள். அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். பேசவில்லை என்றாலும் எழுதுங்கள், வெட்கமில்லை. நானும் சிரித்தவள்தான்.

ஐந்தாவது வரியைப் பற்றிப் பதிப்பாளரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. சீட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. சீட்டுக்கு வரி ஐந்து.