கொடிக்கு ஒரு திருத்தச் சீட்டு

விழாவுக்குச் சரியாக எழுபத்தொரு மணி நேரம் இருந்தபோது, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோந்து ஒரு கொடியைக் கொன்றாள்.

வெட்டிப் போடவில்லை. அந்தக் கொடி காய்ந்து, தாளில் ஒட்டப்பட்டு, இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதன் காயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். மறுபடி முன்னுக்கு இழுத்துப் பார்த்தாள். காய் மாறவில்லை.

அவள் வேலை பார்ப்பது, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் நிலையம் ஒன்றில். நாற்பத்திரண்டு இரும்பு அலமாரிகள். உள்ளே, இழுத்தால் கிறீச்சிடும் தட்டுகள். தட்டு நிறையத் தாள்கள். தாளுக்கு ஒரு செடி. ஒட்டுவது அவள் பொறுப்பு. விரல் நுனியில் எந்நேரமும் பசை காய்ந்து தோலாக உரியும். அதனால் கோந்து. அலமாரிச் சாவிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் அலமாரி அண்ணன் வைத்த பெயர் அது. அவள் ஒரு நாளைக்குப் பேசுகிற சொற்களை எண்ணிவிடலாம் என்பதால், மறுப்பு எதுவும் வரவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

நிலையத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கொடிதான். இயக்குநர் மேடம் இளம் வயதில் காட்டிலிருந்து கொண்டுவந்தது. மூன்று இதழ்ப் பூவும் இறக்கை வைத்த காயும் ஒரே கொடியில் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்று அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். நிலையத்தின் கடிதத் தாளில் அந்தக் கொடி. வாசல் கண்ணாடியில் அந்தக் கொடி. தேநீர்க் கோப்பையில்கூட அந்தக் கொடி. அதற்கப்புறம் காட்டில் யார் கண்ணிலும் அது பட்டதில்லை. அரியது, அதனால் படவில்லை என்றார்கள். இப்போது அது கண்டுபிடிக்கப்பட்ட இருபத்தைந்தாம் ஆண்டு விழா. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பது கோந்துக்குத் தெரிந்துவிட்டது. பூவின் காம்பில் இருந்தவை நேரான ரோமங்கள். காயின் காம்பில் இருந்தவை நட்சத்திரம் போல் விரிந்த ரோமங்கள். பதினேழாம் அலமாரியிலும் முப்பதாம் அலமாரியிலும் போய் ஒப்பிட்டாள். பூ ஒரு கொடியுடையது, காய் வேறொரு கொடியுடையது. இரண்டுமே வேலியோரத்தில் படர்கிற சாதாரணக் கொடிகள். பறித்த அன்று இரண்டும் ஒன்றாகக் கலந்து, ஒரே தாளில் ஏறி, இல்லாத மூன்றாவது ஒன்று பிறந்துவிட்டது.

மேடத்திடம் சொல்லியாக வேண்டும். ஆனால் கோந்துவின் வேலை தற்காலிகம். மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னொரு வருடம் நீட்டிக்கும் காகிதம் மேடத்தின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மாலையில் வீட்டில் துணி மடித்துக்கொண்டே அக்காவிடம் கொட்டினாள். அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மனிதர்கள் வாயைத் திறக்குமுன்பே எடை போட்டுவிடுவாள்.

"உங்க மேடம் எப்படி? பந்தா இல்லாதவங்கன்னா போய்ச் சொல்லு. பந்தா ஆளுன்னா வாய மூடிட்டு இரு. எங்க டாக்டர்கிட்ட ஒரு தடவ, சார் அது பக்கத்துப் பல்லுன்னு சொன்னேன்."

"சொன்னியா? அப்புறம்?"

"பேஷன்ட்டுக்குப் பல்லு போச்சு. எனக்கு அந்த மாச லீவு போச்சு."

"பந்தா இருக்கா இல்லையான்னு எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?"

"சயின்ஸ் படிச்சவ நீயா நானா? சோதன பண்ணிப் பாருடி."

அக்கா கிண்டலுக்குச் சொன்னாள். கோந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. பணிவு என்றால் நிலையத்தில் எல்லோரும் கைகாட்டுவது துணை இயக்குநரைத்தான். 'நான்' என்ற சொல் அவர் வாயில் வராது. "அடியேன் நேத்து ஊர்ல இல்ல" என்பார். "அடியேனுக்குச் சளி" என்பார். ஆகவே அவர் பெயரும் அடியேன்.

செவ்வாய்க்கிழமை சோதனை தொடங்கியது.

முதல் சோதனை, கதவு. மாடிக் கதவருகே கோந்து தாள்கட்டோடு நின்றாள். அடியேன் கதவைத் திறந்து பிடித்து, குனிந்து, "நீ முதல்ல போம்மா" என்றார். மேடம் நெடுநெடுவென்று வந்தார், திறந்தார், போனார். கதவு திரும்பி வந்து கோந்துவின் மூக்கில் மோதியது. அடியேனுக்கு ஒன்று, மேடத்துக்குச் சைபர்.

இரண்டாவது, புகழ்ச்சி. இதற்காக அவள் அன்றைய சொற்களில் பாதியைச் செலவழித்தாள். "சார், உங்க கட்டுரை நல்லா இருந்துச்சு."

"ஐயோ! அடியேன் எங்க, கட்டுரை எங்க! தூசும்மா, வெறும் தூசு" என்று தொடங்கியவருக்கு, தான் எப்பேர்ப்பட்ட தூசு என்பதை விளக்கி முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று.

மேடத்திடம் போனாள். "மேடம், உங்க புத்தகம் நல்லா இருந்துச்சு."

"ஆமா" என்றார் மேடம், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்லா வந்திருக்கு. அஞ்சாவது அத்தியாயம் மட்டும் இழுவை."

சைபர்.

மூன்றாவது, தேநீர். விருந்தினர் வந்தபோது அடியேன் தட்டைத் தன் கையாலேயே ஏந்திப் போனார். புகைப்படக்காரர் தயாராகும்வரை வாசற்படியிலேயே ஏந்தியபடி நின்றார். மேடமோ கொண்டுவந்து வைத்தவரிடம், "சர்க்கர போட்டிங்களா, குளுக்கோஸ் ஏத்தறீங்களா?" என்றார்.

நான்காவதுதான் முக்கியம். ஒரு சின்னத் தப்பை நேரில் சுட்டிக் காட்டுவது. அடியேன் அச்சடித்த அழைப்பிதழில் தேதி சரி, கிழமை மட்டும் வெள்ளி. கோந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கக் கையெடுத்துக் கும்பிட்டார். "அடியேன் கண்ணைத் திறந்துட்டியேம்மா!"

மேடத்தின் தாள் ஒன்றில், மலையின் உயரம் மீட்டருக்குப் பதிலாக அடியில் இருந்தது.

"மேடம், இது..."

"எங்க?"

"இங்க."

"அட." மேடம் ஒரு சீட்டை எடுத்து விறுவிறுவென்று எழுதி நீட்டினார். "ஒட்டிடு."

நன்றி இல்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்குக்கு நான்கு, நான்குக்குச் சைபர். கோந்து நோட்டை மூடினாள். வேலை போய்விடும் என்றுதான் தோன்றியது.

புதன்கிழமை காலை, விழாவில் யார் எங்கே உட்கார்வது என்ற பட்டியல் மாற்றி ஒட்டப்பட்டது. பழைய பட்டியலில் இரண்டாம் வரிசையில் இருந்த கோந்துவின் பெயர் இப்போது அங்கே இல்லை. 'வாசலில் குடைகளுக்குப் பொறுப்பு' என்று கடைசியில் இருந்தது. கையெழுத்து அடியேனுடையது. வெளியே கண் கூசும் வெயில்.

சோதனைக்காரி நேர்மையானவள். நோட்டில் 'பிறகு நடந்தது' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டாள். நான்காவது சோதனைக்கு நேரே, அடியேன் பக்கத்தில் 'குடை' என்று எழுதினாள். மேடம் பக்கத்தில் 'ஒட்டிடு' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கோந்து, பரீட்சை வைக்கிறியாமே?" பின்னால் சாவிகள் குலுங்கின. அலமாரி அண்ணனிடம் எதையும் மறைக்க முடியாது. நல்லவேளை, கொடி விஷயம் மட்டும் அவருக்குத் தெரியாது. "மேடத்துக்கு எவ்வளவு மார்க்?"

"சைபர்ணே."

"அடப்பாவமே, பெயிலா! வா, விடைத்தாளத் திருத்தினவங்களே ஒழுங்கா பாத்தாங்களான்னு பாக்கலாம்."

அவர் பன்னிரண்டாம் அலமாரியைத் திறந்தார். முழுக்க மேடம் சேகரித்த செடிகள். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது. தப்பென்று தெரிந்தால், சரியானது எது, சொல்வது யார், என்றைக்கு என்று ஒரு சிறு சீட்டில் எழுதிக் கீழே ஒட்ட வேண்டும். தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். வருகிறவர்கள் இரண்டையும் படிப்பார்கள்.

கோந்து படித்தாள். 'முன்பு நான் எழுதியது தவறு.' கீழே மேடத்தின் பெயர். அடுத்த தாள். 'இலையைச் சரியாகப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.' அடுத்தது. 'மறுபடியும் தவறு. முந்தைய சீட்டையும் நம்ப வேண்டாம்.' எண்ணி முடித்தபோது நூற்றுப் பன்னிரண்டு. பாதிக்கு மேல் அவளே ஒட்டியவை.

"நாலு வருஷமா ஒட்டறியே, படிச்சதே இல்லையா?"

"ஓரம் நேரா இருக்கான்னுதான் பாப்பேன்."

"அது சரி!" அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"துணை இயக்குநர் சார் அலமாரில எத்தன இருக்குண்ணே?"

"ஒண்ணு கிடையாது. அவருதான் தப்பே பண்ண மாட்டாரே."

அன்று மாலையே சொல்லிவிடுவதென்று மேடத்தின் அறை வாசல்வரை போனாள். உள்ளே அடியேன் தன் விழா உரையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டாள். பயந்து திரும்பவில்லை, இடைஞ்சல் செய்யக் கூடாதென்றுதான் என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு, தாள், பூதக்கண்ணாடி, வெட்டிய காய் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து மேடத்தின் மேசைமீது வைத்தாள். விரலால் காட்டினாள். நட்சத்திர ரோமம். நேர் ரோமம்.

மேடம் பார்த்தார். எழுந்து முப்பதாம் அலமாரிக்குத் தானே போய்த் தாளை எடுத்துவந்து பார்த்தார். பதினேழாம் அலமாரிக்கும் போய்வந்தார்.

"எப்போ பாத்த?"

"திங்கக்கிழம, மேடம்."

"மூணு நாளா என்ன பண்ணின?"

சோதனை பண்ணினேன் என்று எப்படிச் சொல்வது? "யோசிச்சேன், மேடம்."

"எனக்கு எரிச்சலா இருக்கு" என்றார் மேடம். "உன் மேல இல்ல. உன் மேலயும் கொஞ்சம். ரெண்டு நிமிஷம் பேசாம நில்லு."

கோந்துக்கு அது கைவந்த கலை. நின்றாள். மேடம் ஆறிய தேநீரைக் குடித்தார். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பினார். அதில் மூன்று இதழ்ப் பூவும் இறக்கை வைத்த காயுமாகக் கொடி படர்ந்திருந்தது. மேடத்தின் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று கோந்து பதறினாள். சிரிக்கிறார்.

"எத்தன கோப்பை அடிச்சோம்?"

"ஐந்நூறு, மேடம்."

"உடையற வரைக்கும் ஓட்டலாம். சீட்டு எடு."

எழுத இடம் வேண்டிக் கோப்பையை நகர்த்தினார். அடியில் அவளுடைய வேலை நீட்டிப்புக் காகிதம் இருந்தது. தேநீர் வட்டத்துக்கு நடுவில் மேடத்தின் கையெழுத்து. தேதி, போன வெள்ளிக்கிழமை.

"இத ஏன் இன்னும் எடுத்துட்டுப் போகல?" என்று அதட்டினார் மேடம். பிறகு சீட்டை எழுதி அவள் பக்கம் தள்ளினார். "கண்டது நீ. கீழ உன் பேரப் போடு."

"ஐயோ, வேணாம் மேடம். நான் எல்லாம் என்ன பெருசா..."

"இது அந்தாளு பேச்சாச்சே. உனக்கு எப்ப ஒட்டிக்கிச்சு?"

கோந்துவின் காது சிவந்தது. பெயரைப் போட்டாள். ஒட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓரம் கோணலாகப் போனது.

விழா அரங்குக்கு மேடம் முன்னால் நடந்தார். கதவு திரும்பி வந்தது. கோந்து இந்த முறை மூக்கை விலக்கிக்கொண்டாள்.

வாசலில் அடியேன் நின்றிருந்தார். மேடம் அவரிடம், "உங்க பேச்ச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"தெரியும் மேடம், தெரியும்! புகழ வேணாம்னு சொல்லப் போறீங்க. இன்னிக்கு மட்டும் அடியேன் கேக்கறதா இல்ல!" கையைக் கூப்பியபடி மேடைக்கு ஓடிவிட்டார்.

அவர் உரையின் தலைப்பு, 'தன்னை மறைத்துக்கொள்ளும் கொடியும் தன்னை மறைத்துக்கொள்ளும் மேதையும்.' இருபத்தைந்து வருடமாக யார் கண்ணுக்கும் படாமல் வாழும் அந்தக் கொடியின் அடக்கத்தை அவர் நாற்பது நிமிடம் உருகிப் பேசினார். முன்வரிசையில் மேடம் புடவைத் தலைப்பால் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வாசலில், ஒரு குடையும் இல்லாத குடைக்கூடைக்குப் பக்கத்தில், கோந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மேடம் ஒலிவாங்கி முன்னால் வந்தார்.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள். நல்ல மழை. அவசரத்துல ரெண்டு செடிய ஒரே பையில போட்டேன். போட்டது நான்தான், கூட வேற யாரும் இல்ல. அதனால என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சது அதோ, வாசல்ல உக்காந்திருக்கிற பொண்ணு. அவளே வந்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அரங்கமே திரும்பியது. அடியேன் இன்னும் கைகூப்பிப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

வாசலிலிருந்து மேடைக்கு நாற்பத்தாறு அடி. கோந்து எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒலிவாங்கி மேடத்தின் உயரத்தில் நின்றது. நுனிக்காலில் எம்பினாள். 'இந்த மேடையில் பேச எனக்கென்ன தகுதி' என்ற வாக்கியம் தானாக நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினாள். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள்.

"நம்ம கோப்பையில இருக்கே, அந்தக் கொடி," என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "அப்படி ஒரு கொடியே கிடையாது."