வயது பூஜ்யம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்த கதை இல்லை. என் மனைவி வேலையிலிருந்து வந்தவள், தோள்பையைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்கு ஒரு குழந்தைய வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள். எழுதுகிறவன் புத்தியைப் பாருங்கள்: அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன் பேனாவைத் தேடினேன்.

2.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தபோது அவள்... (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

அவள் ப்ரோகிராமர். ஆபீஸில் பட்டப்பெயர் வாசல்காரி. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள், பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டு, ‘ஒரு கட்டில் ஒதுக்கு’ என்று கேட்கும். கூடவே வயது, எடை எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் சரிபார்த்து உள்ளே விடுவது அவள் எழுதிய ப்ரோகிராம். இதில் ஒரு தொல்லை. யாராவது வயதை நிரப்ப மறந்தால், இந்தப் பக்கம் அது பூஜ்யமாக வந்து சேரும். அதனால், பூஜ்யம் வந்தால் நிரப்பவில்லை என்று எடுத்துக்கொள், திருப்பி அனுப்பு என்று ஒரு வரி எழுதிவைத்தாள். அதைப் பார்த்த பக்கத்து மேசைக்காரர்*, "பூஜ்யம் வயசுல யாரு இருக்கா?" என்று சிரித்தார். இவளும் சிரித்தாள்.

அன்று காலையில் பிறந்த குழந்தைக்கு வயது பூஜ்யம்தான்.

(* அவர் வீட்டில் மூன்று மாதப் பையன் இருக்கிறான். சத்தியமாக நான் சேர்த்த விவரம் இல்லை.)

3.

மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ் இவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், வயசு தப்புன்னே வருது. இங்க குழந்தை மூச்சு விடத் திணறுது. பெரிய ஆஸ்பத்திரியில கேட்டா, கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் குடுப்போங்கறாங்க."

"இப்போதைக்கு ஒண்ணுன்னு போடுங்க சிஸ்டர்."

"ஒண்ணு போட்டா பெரிய பிள்ளைங்க வார்டுல கட்டில் குடுக்குமே! எனக்கு இன்குபேட்டர் வேணும். பொறந்தே ஆறு மணி நேரம்தான் ஆச்சு. வயசுக்கு நான் எங்க போவேன்?"

போனை வைக்காமலே இவள் ப்ரோகிராமைத் திறந்தாள். வயதை நிரப்பினார்களா இல்லையா என்பதைத் தனியாகக் கேட்கும்படி அந்த வரியை மாற்றினாள். மறுபடி அனுப்பியதும் இன்குபேட்டர் கிடைத்தது. அதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது.

(முதல் பிரதியில் இவளை ஏழு மாதக் கர்ப்பிணி ஆக்கியிருந்தேன். படித்துவிட்டு முறைத்தாள். "ஏன், அடுத்தவங்க குழந்தைக்காக அழக்கூடாதா?" உடனே அடித்துவிட்டேன். அப்போது அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எந்த வரியில் வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.)

4.

முடிவு ஒன்று: குழந்தை பிழைக்கிறது, பெற்றவர்கள் அதற்கு இவள் பெயரையே... (சினிமா.)

முடிவு இரண்டு: அந்த நாற்பது நிமிடத்தில் குழந்தை

இதை எழுதக் கை வரவில்லை.

என் பின்னால் நின்று அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"பொழைச்சிருச்சுன்னு எழுதேன்."

"பொழைச்சிருச்சா?"

"தெரியல. கேக்கப் பயமா இருக்கு. மூணு நாளா அந்த நர்ஸ் நம்பர எடுத்து எடுத்துப் பாக்கறேன்."

"நான் எழுதினா நம்பிடுவியா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள், அழுத்தினாள். அவளுடைய இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் இனிமேல் எழுத முடியாது. ரிங் போகிறது.

அந்தப் பக்கம் போனை எடுக்கப்போவது நீங்கள். "சிஸ்டர், அந்தக் குழந்தை..." என்று ஆரம்பிப்பாள், முடிக்கமாட்டாள். கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.