27/9, பாய்மர ஒழுங்கை

2020ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று காலை பத்தரை மணிக்கு, கொட்டாஞ்சேனை பாய்மர ஒழுங்கையில், 27ஆம் இலக்க வீட்டுக்கும் 29ஆம் இலக்க வீட்டுக்கும் நடுவே, அதுவரை ஒரு முழ அகல வடிகான் மட்டுமே ஓடிய இடத்தில், மேல்மாடியோடு ஒரு வீடு நின்றது. பக்கத்து வீடுகள் இரண்டும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அன்று ஊரடங்குக்கிடையில் ஒழுங்கைக்குள் வந்த மரக்கறி லொறியில் போஞ்சி கிலோ இருநூற்று நாற்பது ரூபாய்க்குப் போனது. வீட்டை முதலில் கண்டவர் தபால்காரர் ரெனால்ட். இருபத்து மூன்று வருடமாக அந்தப் பக்கத்துக்குத் தபால் கொடுப்பவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் தேத்தண்ணி கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 27/9 என்று ஓர் இலக்கம் அங்கே இல்லை என்பதும் மனப்பாடம். அந்த விலாசத்துக்கு எப்போதாவது வரும் கடிதங்களில் ‘இலக்கம் இல்லை’ என்று எழுதிப் பதினொரு வருடமாகத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். அன்றைக்கு அவருடைய பையில் அதே விலாசத்துக்கு முப்பத்தெட்டுப் பொதிகள் கிடந்தன, முப்பத்தெட்டு வெவ்வேறு பெயர்களில். எதிரே நீல நிறக் கேற், அதில் வெள்ளைப் பெயின்றில் 27/9, உள்ளே காய்த்துக் குலுங்கும் ஜம்பு மரம், ஒற்றைக் காது நாய். ரெனால்டுக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் தன் கையால் எழுதியதெல்லாம் பொய்யாகிப் போனதே என்ற கோபம்.

அந்த வீட்டைக் கட்டியவள் பிறிஜெற். ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் கட்டினாள். அவள் பிறந்தது பக்கத்து 29ஆம் இலக்கத்தில். பதினேழு வயதில், அக்காவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தகப்பனுக்கு முன்னால் வந்து, நான் இப்படித்தான் என்று சொன்னாள். அன்று பின்னேரமே அவளுடைய உடுப்புப் பை வாசலுக்கு வந்தது. பிறகு தகப்பனும் தாயும் செத்து, வீடும் கைமாறிப் போனது. திருநங்கையாக இந்த நகரத்தில் என்னென்ன வாங்கிக் கட்ட வேண்டுமோ அவ்வளவையும் வாங்கிக் கட்டிய பின், எச்.ஐ.வி. கிளினிக்குக்குப் போகப் பயப்படுகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும் வேலையில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தாள். 2009இல் அவள் முதலில் கூட்டிப் போன ஆள் சுடலைமுத்து. அற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவர். பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார், விலாசம் என்று கேட்டதும் வியர்த்துப் போய் எழும்பிவிட்டார். அவர் தங்கியிருந்தது பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில். அங்கே ஒரு கடிதம் வந்தால் அவர் செத்த மாதிரிதான். கதவை நோக்கி நடந்தவரின் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாய்க்கு வந்த ஒரே ஒழுங்கையின் பெயரைப் பிறிஜெற் சொன்னாள். இலக்கம் வேண்டுமே என்று சுவரைப் பார்த்தாள். கலண்டரில் ஒன்பதாம் மாதம் இருபத்தேழாம் திகதி.

அதற்குப் பிறகு அவள் கூட்டிப் போன எல்லாருக்கும் அதுவே விலாசம். கணவனுக்குத் தெரியாமல் வந்தவர்கள், மனைவிக்குத் தெரியாமல் வந்தவர்கள், போதை ஊசி போட்டுக்கொண்டவர்கள், காலி வீதியில் இரவு நின்று பிழைத்த பெண்கள், எல்லாரும் 27/9இல் குடியேறினார்கள். அடையாளம் ஏதாவது என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது. அதைச் சும்மா விட்டால் சந்தேகம் வருமென்று ஆளுக்கொன்று அளந்தார்கள். ஒருவர் நீலக் கேற் என்றார், ஒருவர் ஜம்பு மரம் என்றார், வெள்ளவத்தைச் சேலைக் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த நமசிவாயம் தன் அந்தஸ்துக்கு ஏற்ப மேல்மாடி வைத்துக்கொண்டார். கலியாணமே கட்டாத யோகேஸ்வரி, வீட்டில் மாமியார் இருக்கிறா, பொல்லாத மனுசி, கடிதம் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறிஜெற்றுக்கும் அதே நோய்தான். ஆனால் அவள் மட்டும் தன்னுடைய உண்மையான வாடகை அறையின் விலாசத்தைக் கொடுத்தாள். ஒளிப்பதற்கு எனக்கு ஆர் இருக்கினம் என்று சிரித்தாள்.

2020இல் நாடு முழுக்க நோய்த்தொற்று பரவி ஊரடங்கு போட்டார்கள். பஸ் இல்லை, றெயின் இல்லை, கிளினிக்குக்கு எவரும் வர வழியில்லை. எச்.ஐ.வி.க்குப் போடும் குளிசை ஒரு நாளும் தவறக் கூடாதது. நிறுத்தினால் உள்ளே கிடக்கும் கிருமி எழும்பிவிடும். ஒருமுறை மூன்று மாதம் நிறுத்திய சுடலைமுத்துவை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த நாளைப் பிறிஜெற் மறக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புவது என்று முடிவானது. நல்ல முடிவு. தாதி டில்ஷானி பதிவேட்டை விரித்து, முப்பத்தெட்டுப் பொதிகளில் விலாசம் எழுதி முடித்தபின் பிறிஜெற்றுக்கு ஃபோன் எடுத்தாள்.

"பிறிஜெற், முப்பத்தெட்டுப் பேரும் ஒரே வீட்டிலயா இருக்கிறாங்க?"

"பெரிய வீடு மிஸ்."

"உண்மையைச் சொல்லுங்க. அப்படி ஒரு வீடு இருக்கா?"

இல்லை என்று சொன்னால் முப்பத்தெட்டுப் பேரின் குட்டும் உடையும். இருக்கிறது என்று சொன்னால் குளிசை வடிகானுக்குப் போகும். "இருக்கு மிஸ்" என்றாள் பிறிஜெற். ஃபோனை வைத்தாள். ஒவ்வொருவராக அழைத்து உண்மை விலாசத்தைக் கேட்டாள். பாதிப்பேரின் ஃபோன் ஓய்ந்து கிடந்தது. பேசியவர்களோ, மனுசியும் பிள்ளைகளும் நாள் முழுக்க வீட்டில்தான், செத்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கு மட்டும் அனுப்பவேண்டாம் என்றார்கள். சுடலைமுத்துவிடம் இரண்டு குளிசை மிச்சம் இருந்தது. ரெனால்டை ஒழுங்கையில் மறித்துப் பொதிகளைத் தானே வாங்கிவிடலாம் என்று வியாழன் காலை பிறிஜெற் புறப்பட்டாள். ஊரடங்குப் பாஸ் இல்லையென்று சந்தியில் நின்ற பொலிஸ் திருப்பி அனுப்பியது. என் பொய்யால் முப்பத்தெட்டுப் பேரைக் கொல்லப் போகிறேன் என்று அறைக்கு வந்து அழுதாள்.

அதே நேரம் ரெனால்ட் நீலக் கேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறச் சேலையில் ஒரு பொல்லாத மனுசி கதவைத் திறந்தா. "இவ்வளவு நாளும் எங்க போனனீர்?" என்றா. ரெனால்ட் பொதிகளையும் கையெழுத்துத் தாளையும் நீட்டினார். அவ முப்பத்தெட்டுக் கையெழுத்துகளையும் நின்ற நிலையில் போட்டா, ஒவ்வொரு தடவையும் ‘மாமியார்’ என்றே எழுதினா. பொதிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சத்தை எப்படிச் செய்வதென்று வீட்டுக்குத் தெரிந்திருந்தது. அன்று பின்னேரம் நமசிவாயம் தன் வெள்ளவத்தை பிளாட்டில், மனைவிக்குத் தெரியாமல் வழக்கமாகக் குளிசை போடும் பாத்ரூமின் கதவைத் திறந்தார். உள்ளே பாத்ரூம் இல்லை. ஒரு பெரிய ஹோல், மேசையில் வரிசையாகப் பொதிகள், மாமியார். கல்கிசையில் யோகேஸ்வரியின் பாத்ரூம் கதவும், பன்னிரண்டு பேர் அறைக்குப் பின்னாலிருந்த தகரக் கதவும் அதே ஹோலுக்குத்தான் திறந்தன. இரவு எட்டு மணிக்குப் பிறிஜெற்றின் ஃபோன் அடித்தது.

"அக்கா, மாத்திர கெடச்சிருச்சு" என்றார் சுடலைமுத்து. "வீடு ரொம்ப நல்லாருக்கு. ஆனா அடுப்படி இல்லக்கா."

உண்மைதான். பதினொரு வருடத்தில் எவருக்கும் ஒரு குசினியைப் பொய்யாகச் சொல்லத் தோன்றவில்லை. ஆகவே அந்த வீட்டில் மேல்மாடி இருந்தது, மரம் இருந்தது, குசினி இல்லை.

அடுத்த ஏழு கிழமைகளைப் பற்றி இன்றைக்கும் அவர்களைக் கேட்டால், எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். நகரம் முழுக்க வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த காலத்தில் அவர்களுக்கு மட்டும் போவதற்கு ஒரு வீடு இருந்தது. பதினொரு வருடம் ஒரே விலாசத்தில் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஓ, நீங்கள்தானா அந்த ஜம்பு மரம், என்று கைகொடுத்துக்கொண்டார்கள். மாமியார் பொய்யிலேயே பொல்லாதவளாகப் பிறந்தபடியால் எவரையும் திட்டாமல் விடவில்லை. குளிசை போட்டனியோ என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினா. அந்த ஏழு கிழமையில் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரும் ஒரு வேளையும் தவறவிடவில்லை என்பது பதிவேட்டில் உள்ளது. சமைக்க வழியில்லாததால் பாணும் சம்பலும் அவரவர் வீட்டிலிருந்து தாளில் சுற்றி வந்தன. வெசாக் பௌர்ணமிக்கு மேல்மாடியில் காகித விளக்குக் கூடு கட்டினார்கள். நமசிவாயம் தன் வாழ்நாளில் முதல்தடவையாக இன்னொரு ஆணின் தோளில் சாய்ந்தபடி வெளிச்சத்தில் இருந்தார். வெளியே மனைவி கதவைத் தட்டினா.

"என்னப்பா, இன்னும் முடியேல்லையோ?"

"வாறன், வாறன்" என்றார் அவர்.

பிறிஜெற்றுக்கு மட்டும் இந்த வீடு இல்லை. மே பிறந்து சந்தியில் பொலிஸ் காவல் தளர்ந்ததும் ஒழுங்கைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். 27, பிறகு வடிகான், பிறகு 29. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சின்ன வயதில் 29இன் யன்னல் வழியாகப் பார்த்துக் கிடந்த அதே வடிகான், அதே பாசி. பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி நின்றாள். கேற் எங்கே என்று சுடலைமுத்துவிடம் ஃபோனில் கேட்டாள். ஒங்க மூக்குக்கு முன்னாடிதான்க்கா, என்றார் அவர். அவளுக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

அறை பீற்றர் என்பவரின் வீட்டு மேல்தட்டில் இருந்தது. ஒன்பது வருடம் இருந்த அறை. நத்தார்ப் பண்டிகைக்கு அவர் கேக் துண்டு அனுப்புவார், அவள் அவருடைய பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். அவளுடைய பொதியும் தபாலில்தான் வந்தது, உண்மையான விலாசத்துக்கு, பிசகாமல். பீற்றர் அதை வாங்கினார், பிரித்தார், போத்தலில் இருந்த மருந்தின் பெயரை ஃபோனில் தேடிப் பார்த்தார். மறுநாள் காலை படியில் நின்றபடி பேசினார், மேலே ஏறவில்லை.

"கோவிக்க வேணாம் பிறிஜெற். நமக்கொண்டும் இல்ல. ஆனா வீட்டில பிள்ளைங்க இருக்கு."

"உங்கட பிள்ளைங்களுக்கு என்னால ஒண்டும் வராது அண்ணே."

"தெரியும். ஆனாலும்."

இந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்கு மருந்து எந்தக் கிளினிக்கிலும் இல்லை. நாற்பத்தொரு வயதில் அவளுடைய உடுப்புப் பை இரண்டாந்தடவையாக வாசலுக்கு வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, ஊரடங்கு தளர்ந்த முதல் நாள், அவள் கிளினிக்குக்கு நடந்தே போனாள். எத்தனையோ பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் இருத்திய அந்தக் கதிரையில் தனியாக உட்கார்ந்தாள். டில்ஷானி மிஸ் மருந்தை எடுத்து வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள். பையைக் கண்டாள்.

"விலாசம் மாறியிருக்கா பிறிஜெற்?"

பிறிஜெற்றுக்கு வியர்த்தது. எழும்பிப் போய்விடலாமா என்று கதவைப் பார்த்தாள். அவளுடைய சேர்ட்டைப் பிடித்து இழுக்க அங்கே எவரும் இல்லை. ஆகவே தானே தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"27/9, பாய்மர ஒழுங்கை."

டில்ஷானி மிஸ் தலை நிமிராமல் எழுதினாள். முப்பத்தொன்பதாவது தடவை. "அடையாளம் ஏதாவது?"

"குசினி இருக்கு மிஸ்" என்றாள் பிறிஜெற். "நல்ல பெரிய குசினி. யன்னலோட."

பின்னேரம் நாலு மணிக்கு அவள் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது நீலக் கேற் திறந்திருந்தது. ஒற்றைக் காது நாய் அவளை மோந்து பார்த்துவிட்டு விலகியது. மாமியார் இடுப்பில் கைவைத்தபடி வாசலில் நின்றா. "வந்திட்டியோ? அடுப்பு வந்து ரெண்டு மணித்தியாலமாச்சு, இந்த வீட்டில தேத்தண்ணி போட ஆளில்லை. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. குளிசை போட்டனியோ?" பிறிஜெற் ஓம் என்றாள். குசினி வலப்பக்கம் இருந்தது. யன்னலைத் திறந்தால் ஒரு முழத்துக்கு அப்பால் 29இன் சுவர், அதில் அவள் பிள்ளையாய் எட்டிப் பார்த்த யன்னல், இப்போது வேறு யாரோ ஒருவரின் திரைச்சீலை போட்டு. அதைப் பார்த்துக்கொண்டே கேத்தலை அடுப்பில் வைத்தாள். அழுதாள்தான். தண்ணீர் கொதித்ததும் நிறுத்தினாள்.

ஊரடங்கு முற்றாக எடுத்ததும் பாத்ரூம் கதவுகள் பழையபடி பாத்ரூமுக்கே திறந்தன. நமசிவாயம் இன்றைக்கும் அந்தக் கைபிடியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் திருப்புகிறார், ஒருவேளை என்று. பஸ் ஓடுவதால் இப்போது எல்லாரும் தெருவழியே வருகிறார்கள், மாதத்தின் முதல் ஞாயிறு, கையில் கறிச்சட்டியோடு. மாநகர சபை ஆள் நாடா பிடித்து அளந்து பார்த்து, ஒழுங்கையின் நீளம் முன்பிருந்தது போலவே இருப்பதாகக் குறித்துவிட்டு, வீட்டுக்கு வரி எழுதிக் கொடுத்தார். ரெனால்ட் ஓய்வு பெற்றுவிட்டார். வியாழக்கிழமைகளில் வந்து தேத்தண்ணி குடித்துப் போவார், வீட்டின் மேல் அவருக்கு இருந்த கோபம் ஒருவழியாகத் தணிந்துவிட்டது. பிறிஜெற் அதே வேலையைத்தான் செய்கிறாள். சென்ற மாதம் அவள் கூட்டிப் போன றலியா என்ற பெண், அடையாளம் கேட்டதும் பயத்தில், வீட்டில் ஒரு கிணறு இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பிறிஜெற் ஒரு வாளியும் முப்பது அடிக் கயிறும் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனாள்.