தேங்காய் இல்லாத தேங்காய் வாசம்

மனித குலம் இனி வாசனைக்காக எந்த மரத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை என்று அறிவித்துவிட்டு, டாக்டர் சக்கரபாணி ஆய்வுக்கூட வாசலில் ஒரு தேங்காயை உடைத்தார்.

அண்ணாமலை நகரில் வாடகைக் கட்டடத்தில் அவர் நடத்தும் கூடம் அது. நெல்லிக்குப்பத்துக் கரும்புச் சக்கையில் ஒரு பச்சைப் பூஞ்சையை வளர்த்தால் அசல் தேங்காய் வாசம் வருகிறது. கண்டுபிடித்தவள் கூடத்தின் ஆய்வாளர் தமிழ்ச்செல்வி. கடலூர் ஐஸ்கிரீம் கம்பெனி இன்று ஒத்துக்கொண்டால் அவளுக்கு இங்கே வேலை தொடரும். இல்லாவிட்டால் திட்டக்குடிக்குத் திரும்பி அண்ணன் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான்.

கம்பெனியிலிருந்து வந்த இளவரசு மூக்கை உறிஞ்சினார்.

"வாசம் வருது சார். இப்பதானே உடைச்சீங்க."

எல்லோரும் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். இளவரசு கண்ணைக் கட்டிக்கொண்டார். ஒரு குடுவையில் வெறும் சக்கை, இன்னொன்றில் பூஞ்சை வளர்ந்த சக்கை. ஒருவர் மாற்றி மாற்றி மூக்கருகே பிடிக்க, எது எதுவென்று அவர் சொல்ல வேண்டும். தமிழ்ச்செல்வி பிடித்தாள். இரண்டும் தேங்காய்தான் என்றார்.

"தலைக்கு என்னம்மா தடவுற?"

தேங்காயெண்ணெய். உடன் வேலை பார்க்கும் வித்யாவும் அதேதான். உதவியாளர் பூவரசன், பெரிய மனுஷர் வருகிறாரே என்று கொஞ்சம் ஜாஸ்தியாகவே தடவியிருந்தான். அவனை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

சக்கரபாணி சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு முன்னால் வந்தார். இளவரசு கண்கட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"சார், அவுங்க எல்லாரையும்விட உங்க முடிதான் பளபளன்னு மின்னுது."

எண்ணெயே தொடுவதில்லை என்றார் சக்கரபாணி. இளவரசு நம்பவில்லை, கிளம்பப் பார்த்தார். சக்கரபாணி ஒரு தரம் தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். சக்கரபாணி குனிந்து இளவரசுவின் காதில் ஏதோ சொன்னார். இளவரசு அவர் தலையைப் பார்த்தார், சட்டென்று தரையைப் பார்த்தார், கண்கட்டை இறக்கிக்கொண்டார்.

குடுவைகள் மாறி மாறி வந்தன. ஒரு தடவைகூட இளவரசுவின் மூக்கு தவறவில்லை. கடைசியில், ஐஸ்கிரீமுக்கு இதுதான், நாளைக்கே சாம்பிள் வேண்டும் என்றார். தமிழ்ச்செல்வி வித்யாவைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்தன. பூவரசன் வெளியே நின்று விசிலடித்தான். சக்கரபாணி உரையாற்றத் தொடங்கினார், யாரும் கேட்கவில்லை.

காதில் அவர் சொன்னது இவ்வளவுதான்: தலையில் இருப்பது விக்.